பத்தாவது கிதார் வேண்டாம்

பர்ரால், சிலி,
ஜூன் 9

என் கண்ணு மைத்தேனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்பு மனசு இரண்டும் கெடாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை யோஹானும் அந்தப் பனி தேசத்தில் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. அறுவடை முடிந்த நெல்வயலில் எல்லாம் தண்ணீர் நிற்கிறது, அப்பா அரிசி ஆலைக்குப் போகிற நாட்களில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறார், ஓய்வு பெற்றபிறகும் எடைமேடையை யாரிடமும் விட மனசில்லை அவருக்கு. மெம்ப்ரில்யோ பழப்பாகு இந்த வருஷம் பதினோரு பாட்டில் காய்ச்சினேன், உனக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. என் பிறந்தநாளுக்கு ஸ்பெயினில் கிரனாதாவில் ஒருவரிடம் கிதார் செய்யச் சொல்லப் போவதாகவும், பின்பலகை ஈட்டி மரமா வேறு மரமா என்று உடனே சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். உடனே சொல்கிறேன். எந்த மரமும் வேண்டாம். அவரிடம் இன்றைக்கே சொல்லி நிறுத்திவிடு. அம்மா செலவுக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்து நீ ரகசியமாக வாங்கி அனுப்பிவிடுவாய் என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன். காரணம் நீளமானது, நல்ல காரணமும் இல்லை. உட்கார்ந்து படி.

மார்ச் மாதம் நானும் பக்கத்து வீட்டு எல்பாவும் ரயில் ஏறி சந்தியாகோ போனோம். மூன்று வருஷமாக நான் கண் வைத்திருந்த ஒரு கிதார் அங்கே ஒரு கடைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். கிதார் வாங்கப் போகிற அம்மாவை நீ பார்த்திருக்கிறாய். இரண்டு நாள் முன்னாலேயே சாப்பாடு இறங்காது, உடுப்பை எடுத்து நாற்காலியில் மடித்து வைத்துவிடுவேன், கடையில் அதன் வட்டத் துளையில் மூக்கை வைத்துப் புதுமர வாசனையை இழுத்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்ததும் படுக்கையில் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன், உன் அப்பா "நடுவுல யாரோ படுத்திருக்காங்க, நான் சோபாவுக்குப் போறேன்" என்பார். இந்தத் தடவை ரயிலிலேயே எனக்கு நன்றாகப் பசித்தது. எல்பா கொண்டுவந்த ரொட்டி, அவித்த முட்டை எல்லாம் சாப்பிட்டேன். கடையில் அந்தக் கிதாரை மடியில் வைத்தார்கள், தட்டிப் பார்த்தேன், மணி மாதிரி சத்தம், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்குகிற மாதிரி இருந்தது எனக்கு. கடைக்காரப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள், "இது எதுக்குங்கம்மா, மேடையில வாசிக்கவா, வீட்டுல வாசிக்கவா?" என்று. எந்தக் கடையிலும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் நான் யோசிக்காமல் "மேடையிலதான்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன், அந்த வார்த்தை வரவில்லை. "வீட்டுலதான்மா" என்றேன். சொன்னதும் மடியில் இருந்தது வெறும் பலகையும் கம்பியுமாக ஆகிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெறுங்கையோடு இறங்கினவளைப் பார்த்து உன் அப்பா ஸ்டேஷனிலேயே பயந்துபோனார். "என்னடி ஆச்சு உனக்கு, பையை ரயில்லயே விட்டுட்டியா?" என்றார். வாங்கவில்லை என்றதும் இன்னும் பயந்து மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சின்ன வயசு டாக்டர் தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறேனா, அழுகை வருகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு நடக்கச் சொன்னார். எல்பா தன் பங்குக்கு, "ஏண்டி, இத்தனை வருஷம் கழிச்சு வீட்டுக்காரர் மேல ஆசை வந்திருச்சு, அதான் கிதார் மேல இருந்த ஆசை போயிருச்சு" என்று ரொட்டிக்கடை வரிசையில் எல்லார் காதிலும் விழச் சொன்னாள். நான் சிரித்தேன். ஆனால் எனக்கு வியாதி என்ன என்று அந்த ரயிலில் திரும்பி வரும்போதே தெரிந்துவிட்டது மைத்தேன். லினாரெஸ் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.

உனக்கு ஒன்பது வயசில் நம் தெருச் சங்க மண்டபத்தில் நான் பாட ஏறியது ஞாபகம் இருக்கும். நீ முன்வரிசையில் மஞ்சள் ஸ்வெட்டரில் இருந்தாய். எவரிஸ்தோ லாகோஸ் ஐயா அப்போது மரச்சாமான் கடைக்குப் பின்னால் கிதாரும் செய்ய ஆரம்பித்திருந்தார், அவர் செய்த முதல் நல்ல கிதார் என்னிடம்தான் இருந்தது, அதை எல்லாருக்கும் காட்டத்தான் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தோனாதா என்கிற எங்கள் பக்கத்து நாட்டுப்பாட்டு ஒன்று, நாலு சரணம். மூன்றாவது சரணத்தில் இடது கை சட்டென்று மேலே தாவ வேண்டும். அந்த இடம் வந்தது, எனக்கு எல்லாம் வெள்ளையாகிவிட்டது, அடுத்த வரியும் இல்லை கையும் இல்லை. பாட்டு நின்றது. முறுக்காணி வழுக்கிக் கம்பி தளர்ந்துவிட்டது என்று நான் கிதாரைத் தூக்கிக் காட்டினேன், எல்லாரும் ஐயோ பாவம் என்றார்கள், இல்லையா. ஆணி வழுக்கவில்லை. குனிந்து பார்ப்பது போல் பார்த்து நானே அதைத் திருப்பினேன். இந்தக் கையாலேயே திருப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். எவரிஸ்தோ ஐயாவிடம் கிதார் செய்யச் சொல்லியிருந்த நாலு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் அலமாரிக்கும் சவப்பெட்டிக்கும் திரும்பிப் போனார். உன் அப்பா, என் மானம் போய்விட்டது என்று, அவர் கடை வாசலில் நின்று கத்திவிட்டு வந்தார், பிறகு பக்கத்து ஊருக்குப் போய் எனக்கு வேறொரு கிதார் வாங்கி வந்தார். அதில் ஆரம்பித்ததுதான். புதுக் கிதார் கைக்கு வந்ததும், இதை எடுத்துக்கொண்டு மறுபடி மேடை ஏறிவிடலாம், பழைய கதை அழிந்துவிடும் என்று ஒரு துள்ளல் வரும். நாலைந்து மாதத்தில் அது வடிந்துவிடும், அடுத்ததைத் தேட ஆரம்பிப்பேன். அதை நான் கிதார் மேல் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். கடையில் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை நிஜம் சொன்னதும் துள்ளல் போய்விட்டது. பொய்யின் மேல் நின்றது, பொய் நகர்ந்ததும் விழுந்துவிட்டது. முதலில் பயமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது, என் மேலேயே. அந்தக் கோபம் நல்லதாகப் போயிற்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காட்டியது.

முதலில் உன் அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் உப்பை எடு, கதவைச் சாத்து என்பதைத் தவிர அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டே, "நான் அந்த மனுஷன் வாசல்ல நின்னு கத்தினேனே நெலிதா" என்றார். அவ்வளவுதான். தொப்பியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே எவரிஸ்தோ ஐயா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார், என்ன பேசினார்கள் என்று இதுவரை எனக்குச் சொல்லவில்லை. நான் மறுநாள் போனேன். ஐயாவுக்கு எண்பத்தொன்று ஆகிறது, கடையை அவர் மகள் மிரேயா பார்க்கிறாள், அவர் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நாற்காலிக் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, அன்னிக்கு ஆணி வழுக்கல, நானேதான் திருப்பினேன்" என்றேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார். "மறுநாள் பழுது பாக்கக் கொண்டாந்தியே, கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. கல்லு மாதிரி நின்னுச்சு ஆணி." அப்போதே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதுதான் தப்பு. "செஞ்சவன் சொன்னா எவன் நம்புவான்? நீதானே சொல்லணும். வருவேன்னு பாத்தேன். இருபத்திரண்டு வருஷம் ஆக்கிட்டே" என்றார், கோபமாகக்கூட இல்லை, ரயில் தாமதம் என்பது போலச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மிரேயாதான் அழ விடவில்லை. "எங்கப்பா காதுல மட்டும் போட்டுட்டுப் போயிடலாம்னு வந்தீங்களா? ஊரே பேசுச்சு. ஊருக்கு யார் சொல்றது?" என்றாள். நியாயம்தானே. "நான்தான் சொல்லுவேன், அதே மண்டபத்துல, அதே கிதாரை வச்சு" என்றேன்.

பரணில் இருந்த அந்தக் கிதாரை இறக்கிப் புதுக் கம்பி மாட்டினேன். காற்றில் கூரை பறந்துபோன ஒரு குடும்பத்துக்காக மே மாசக் கடைசிச் சனிக்கிழமை மண்டபத்தில் விழா வைத்திருந்தார்கள், அதில் பெயர் கொடுத்தேன். ஐந்து வாரம், தினம் இரண்டு மணி நேரம், அந்த ஒரே பாட்டு. மூன்றாவது சரணம் வந்ததும் கை அதே இடத்தில் மரக்கட்டையாகும். முன்பென்றால் இந்த இடத்தில்தான் எனக்குப் புதுக் கிதார் ஞாபகம் வரும். இப்போது திரும்ப முதலிலிருந்து. விரல் நுனி வெடித்தது, துணி சுற்றிக்கொண்டு மறுபடி. எல்பா வந்து, "வாசிச்சுட்டு இறங்கிடேன்டி, அந்தக் கதையை எதுக்குச் சொல்ற, பாதிப் பேர் மறந்தே போயிருப்பாங்க" என்று கெஞ்சினாள். மறந்தவர்கள் இருக்கலாம், ஆனால் லாகோஸ் வீட்டில் யாரும் மறக்கவில்லையே. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவள் நான், அடுத்தவருக்கு வந்ததை நாம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா, அந்த மனுஷனுக்குச் சேர வேண்டிய நல்ல பேரை இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது, பாதிப் பேர் சோப்பாயிப்பியா பூசணி வடை தின்றுகொண்டிருந்தார்கள். ஏறியதும் முதலில் சொல்லிவிட்டேன், பாடிவிட்டுச் சொன்னால் கைதட்டல் வாங்கிக்கொண்டு சொன்னதாகும். நாலே வாக்கியம். பின்னாலிருந்து ஒரு பெண், "அப்போ நாங்க இத்தனை நாளா அந்த மனுஷனைத் திட்டினது?" என்று உரக்கவே கேட்டாள். "என்னாலதான்" என்றேன். பிறகு வாசித்தேன். மூன்றாவது சரணத்தில் கை தடுமாறியது மைத்தேன், பாட்டு நின்றது. அப்போது என் வலது கை தானாகவே எழும்பி முறுக்காணியை நோக்கிப் போவதை நான் பார்த்தேன். எவ்வளவு பழக்கம் பார், ஒரே ஒரு தடவை செய்ததற்கு. கையை இழுத்து மடியில் வைத்தேன், மூச்சு விட்டேன், அந்தச் சரணத்தை முதலிலிருந்து எடுத்தேன். கை தாவியது. நாலாவதையும் பாடி முடித்தேன். நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், முழுசாக இருந்தது. சிலர் தட்டினார்கள், சிலர் தட்டவில்லை. எவரிஸ்தோ ஐயா கம்பு ஊன்றிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்தார், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "மூணாவது கம்பி இறங்கியிருக்கு, ஏத்திக்கோ" என்றார். பிறகு மண்டபத்தைத் திரும்பிப் பார்த்து, "ஆணியால இல்ல. புதுக் கம்பி, நாலு நாள் இழுக்கத்தான் செய்யும்" என்றார். ஊர் சிரித்தது, உன் அப்பாதான் முதலில் சிரித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மிரேயா தெருவில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறாள், அது அவள் உரிமை. மற்ற எட்டுக் கிதாரில் ஆறைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன், உன் அப்பா முதன்முதலில் வாங்கித் தந்ததையும் நீ சம்பளம் வாங்கியதும் வாங்கியதையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அந்தப் படபடப்பு இனி வராது என்று நினைக்கிறேன். சில நாள் அது இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது, பொய் சொல்லவில்லை. செப்டம்பர் விழாவுக்கு இரண்டு பாட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், இரண்டாவது பாட்டு இன்னும் கஷ்டம்.

இனிதான் உன்னிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் நீ மிரேயாவின் மகள் யாஸ்னாவின் சடையைப் பிடித்து இழுத்து, உங்க தாத்தா ஏமாத்துக்காரர் என்று சொல்லி அடித்தாய். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வந்து, என் மகள் அவள் அம்மாவுக்காகத்தானே பேசினாள் என்று சொல்லி உன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்ட பிள்ளைகள், அதற்கப்புறம் பேசவே இல்லை. நீ என் பக்கம் நின்றாய் கண்ணு. எதன் பக்கம் நிற்கிறாய் என்று தெரியாமல் நின்றாய், தெரிந்த நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் சொன்னதைவிட இதை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. யாஸ்னா இப்போது தால்காவில் நர்ஸாக இருக்கிறாள், இரட்டைப் பிள்ளைகள். அவளுக்கும் எழுதிவிட்டேன், இரண்டு உறையையும் ஒரே நேரத்தில்தான் பெட்டியில் போடப் போகிறேன். நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அது என் கணக்கு, நான் கேட்டுவிட்டேன். நீங்கள் பேசாமல் இருக்கக் காரணம் ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

என் மேல் கோபம் வந்தால் வரட்டும், தீருகிறவரை வைத்துக்கொள், ஆனால் சாப்பிடாமல் இருக்காதே. கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையையும் போட்டுக்கொள்ளச் சொல். கன்னி மாதா உங்கள் இருவரையும் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும். யாஸ்னாவின் விலாசத்தைப் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். போன் நம்பரும் இருக்கிறது, ஆனால் கடிதமாகவே எழுது, போனில் நீ அழுதுவிடுவாய், அவளும் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

என்றும் உன் அம்மா,
நெலிதா