சூபாபுல் விதை முளைக்காததற்கு என் கை காரணமல்ல

அனுப்புநர்:
வெள்ளைத்தாய்,
க/பெ. கருத்தப்பாண்டி (காலஞ்சென்றவர்),
கீழத்தெரு, சேத்தூர்,
ராஜபாளையம் வட்டம்.

பெறுநர்:
வனச்சரக அலுவலர் அவர்கள்,
சமூகக் காடு வளர்ப்புப் பிரிவு,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: நாற்றங்காலில் விதை முளைக்காதது – கைராசி இல்லாதவள் என்று எனக்கு ஏற்பட்ட பெயரை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் மரம் வளர்ப்போர் சங்க நாற்றங்காலில் நான் கூலிக்கு வேலை பார்த்து வந்தேன். கடந்த பங்குனியில் சூபாபுல் மர விதையைப் பைகளில் ஊன்றியது நான்தான். விதை முளைக்கவில்லை.

2. அந்த விதைக்குத் தோல் கெட்டி என்பதால் கொதித்து இறக்கிய நீரில் போட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து ஊன்றும்படி தாங்கள் சொல்லியனுப்பியிருந்தீர்கள். சங்கச் செயலாளர் திரு. சமுத்திரம், அடுப்பெரிக்க விறகில்லை, அப்படியே ஊன்று என்றார். ஊன்றினேன்.

3. தாங்கள் பார்வையிட வந்தபோது ஒரு பையைக் கிளறி, விதை கல்லாகக் கிடப்பதைக் கண்டு, வெந்நீரில் போட்டீர்களா என்று கேட்டீர்கள். செயலாளர், "போட்டோம் சார், ஊண்டுன கை சரியில்ல" என்றார். தாங்கள் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினீர்கள். அந்தச் சிரிப்பை ஊரார் தங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

4. சூபாபுல் ஊன்றிய அதே நாள் பக்கத்துப் பாத்தியில் அகத்தி போட்டதும் இதே கைதான். அது முளைத்து நின்றது. கேட்டதற்கு, "அகத்திய யாரு போட்டாலும் மொளைக்கும்" என்று பதில் வந்தது.

5. அதன்பின் பருத்தி ஊன்றவோ கடலை போடவோ யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. களையெடுக்க மட்டும் கூப்பிடுகிறார்கள். பிடுங்குவதற்கு என் கை பொருத்தம் என்பது அவர்கள் கருத்து. என் கணவர் இறந்ததையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அவர் லாரி மோதி இறந்தவர்.

6. தற்போது ஐப்பசி மழையில் அதே விதைகள் ஒன்றும் இரண்டுமாக முளைத்து வருகின்றன. என் இடத்தில் வேலைக்கு வந்த பரிபூரணத்தின் கைராசி என்று பேச்சு. அவர் மீது எனக்கு வருத்தமில்லை. வீடு தேடி வந்து, "மதினி, நான் தண்ணி மட்டுந்தான் ஊத்துனேன்" என்று சொன்னார். ஊராரிடமும் அப்படியே சொல்லிப் பார்த்தார். அடக்கமான பெண் என்று அவரை மேலும் புகழ்ந்தார்கள்.

ஆகவே ஐயா, தாங்கள் ஒருமுறை சேத்தூர் வந்து, குற்றம் விதைத் தோலின் மீதும் போடாத வெந்நீரின் மீதுமே என்று ஊரார் முன்னிலையில் வாயால் சொல்ல வேண்டுகிறேன். தயவுசெய்து தபாலில் பதில் அனுப்ப வேண்டாம். எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்பவர் செயலாளர்தான்.

இடம்: சேத்தூர்
நாள்: 14.11.1988

இங்ஙனம்,
தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
வெள்ளைத்தாய்
(இடது கைப் பெருவிரல் ரேகை; சொல்லச் சொல்ல எழுதியவர்: ராஜபாளையம் தாலுகா அலுவலக வாசல் மனு எழுதுபவர்)