நசியாத தேசிக்காய்

கேசிகா,

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போ.

ஜீப்புக்கு நீள ஆர்ம் சஸ்பென்ஷன் பூட்டி நேற்று ஜாக்கிலிருந்து இறக்கினோம். பாரம் விழுந்ததும் பின்சில்லு மட்கார்டில் இறுகிவிட்டது. உருளவில்லை. நல்ல சகுனத்துக்குச் சில்லு ஏறி நசிக்கவென்று முன்னால் வைத்த தேசிக்காய்கூட நசியவில்லை.

"நிலத்திலை இறக்கி அளந்துபோட்டு ஆர்மை வெல்ட் பண்ணுங்கோ அப்பா" என்று நீ சொன்னாய். தேசிக்காய் வைக்க முதல் சில்லு நிலத்தில் படக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்து, ஜாக்கில் நிற்கும்போதே வெல்ட் பண்ணினேன். தோட்டத்து ஆட்களுக்கு முன்னால், "உனக்கு என்ன தெரியும், வாயை மூடு" என்றும் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அதுதான் நீ எழும்ப முதல் சியாகுல்லித் தோட்டத்துக்குப் போகிறேன்.

அப்பா

பி.கு.: அளவுநாடாவை வீடு பூட்டும் திறப்போடு வைத்திருக்கிறேன். நீ வந்து அளக்கும்வரை வெல்டிங் இல்லையென்று அந்த ஆட்களிடமே சொல்லப்போகிறேன். ஏன் என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன்.