மண்டிக்காரன் வீட்டுக்குக் கோணல் காய்

ஜூன் 6, வியாழன்

மண்டியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வாசலில் ஒரு அட்டைப்பெட்டி. 'கோணலும் நல்லதே' என்று பச்சை எழுத்து. உள்ளே கால் இரண்டு முளைத்த கேரட், முதுகு வளைந்த வெள்ளரி, வாய் பிளந்த தக்காளி. வீட்டுக்காரி சந்தா கட்டியிருக்கிறாளாம். வாரம் ஒரு பெட்டி வருமாம்.

காய்கறி மொத்த வியாபாரி வீட்டுக்குக் காய்கறி பார்சல்! கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டார்கள். மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், மண்டியில சரக்கு தீந்துபோச்சா?" என்கிறார். இளிப்பு வேறு.

ஜூன் 7

கேட்டேன். "நம்மகிட்ட இல்லாத காயா?"

"நீங்க அனுப்புற பையில என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். விக்காதது இருக்கும்."

"இது மட்டும் என்னவாம்? ஊரே வேண்டாம்னு தள்ளினது."

"அவங்க கோணல்னு சொல்லித் தர்றாங்க. நீங்க நல்லதுன்னு சொல்லி அனுப்புறீங்க."

ஆத்திரமாக வந்தது. எந்த வியாபாரி முதல் தரத்தைத் தின்பான்? முதல் தரம் விற்பதற்கு. விற்காதது வீட்டுக்கு. அப்படித்தானே இந்த வீடே எழும்பியது?

ஜூன் 13, வியாழன்

இரண்டாவது பெட்டி. கேரட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தக் கறுப்பு மண், தழையை ஒரு விரல் விட்டு நறுக்கும் அந்த வெட்டு — ஏரிக்கரைத் தோட்டக்காரர் சரக்கு. செவ்வாயன்று என் தராசுத் தட்டிலிருந்து நானே பொறுக்கித் தள்ளியது. "இதையெல்லாம் யாரு வாங்குவா? திருப்பி வண்டியில ஏத்துய்யா" என்று கத்தினேன்.

யார் வாங்குவா? என் பெண்டாட்டி வாங்கியிருக்கிறாள்!

பெட்டியோடு தூக்கிப்போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். இவள் வாசலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். கத்தியிருந்தால் தேவலை.

ஜூன் 14

இவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். எப்போ வருவே என்றேன். "தெரியல." அவ்வளவுதான்.

ஜூன் 15

போகட்டும். ஊரில் ஓட்டலுக்கா பஞ்சம்?

ஜூன் 18

ஓட்டல் எண்ணெய், நெஞ்செல்லாம் எரிகிறது. மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அம்மா கோவமா இல்ல. சந்தோஷமா இருக்காங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஜூன் 20, வியாழன்

ஆள் இல்லாத வீட்டுக்கும் பெட்டி வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிப் போன் போட்டேன். "சந்தா மேடம் பேர்ல இருக்கு சார், அவங்கதான் நிறுத்தணும்" என்றது ஒரு பெண்குரல். ஒரே போனில் லாரியைப் பாதி வழியில் திருப்பியவன் நான்!

பசி. சமைக்க இறங்கினேன். இரட்டைக்கால் கேரட்டின் கவட்டைக்குள் கத்தி போகாமல் என் விரலுக்குள் போனது. உருளைக்கிழங்கில் கண் தோண்டித் தோண்டிப் பாதி கிழங்கு குப்பைக்கு. கேரட் வேகவே இல்லை, கிழங்கு களியாகிவிட்டது. டன் டன்னாக விற்றவனுக்கு ஒரு கிலோவைச் சமைக்கத் தெரியவில்லை.

வெடித்த தக்காளியை மட்டும் உப்புத் தொட்டுப் பச்சையாகவே தின்றேன். சனியன், இனித்தது. செடியிலேயே பழுத்து மழையில் வெடித்தது. நான் கேட்டு வாங்குவது கல் மாதிரிக் காய், லாரியில் நசுங்காது. அது கூடையில் சிவந்து, விற்காமல் சுருங்கி, கடைசியில் இவள் அடுப்புக்கு. அதை வைத்தா இத்தனை வருஷம் ருசியாகப் போட்டாள்? சொல்லித் தொலைத்திருக்கலாமே. சொன்னாளோ?

ஜூன் 21

ரோஷத்தை விட்டுப் போன் செய்தேன். எப்போ வர்றே என்று கேட்கத்தான் எடுத்தேன். வாயில் வந்தது, "பீட்ரூட் எவ்வளவு நேரம் வேகணும்?"

"தோலோட போடுங்க. கத்தி இறங்கினா எடுங்க. என்ன, இந்தத் தடவ கொட்டலையா?"

"கொட்டல. நீ வந்து சமையேன்."

"விக்காததச் சமைக்க நான் வரல. மண்டிக்கு வந்து எனக்கு வேணுங்கறத நானே எடுப்பேன். வாங்குறவங்க கை வைக்கறதுக்கு முன்னாடி. சரின்னா சொல்லுங்க."

முதல் பொறுக்கலா! யாராவது கிளறின கூடை என்று தெரிந்தாலே விலை இறங்கிவிடும். வியாபாரம் தெரியாத பேச்சு. போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 25

பீட்ரூட் நன்றாகத்தான் வந்தது. யாரிடம் சொல்ல?

ஜூன் 27, வியாழன்

பெட்டியில் முட்டைக்கோஸ். மூன்று வேளையும் அதுவே. எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு தின்றால் எதுவும் இறங்காது போலிருக்கிறது.

ஜூன் 28

போன் போட்டுச் சொல்லித் தொலைத்தேன். ஒரே சொல்தான். "சரி." அதற்கு அவள், "சரி." என்ன திமிர்!

ஜூலை 1, திங்கள்

காலையில் மண்டிக்கு வந்தாள். கல்யாணமாகி முதல் தடவை. எத்தனையோ கூடை கிடக்க, ஓட்டல் மாஸ்டருக்கென்று நான் ஒதுக்கி வைத்த கூடையில்தான் போய்க் கை வைத்தாள். அழுத்திப் பார்க்கிறாள், முகர்ந்து பார்க்கிறாள், பிடிக்காததைத் திருப்பி வைக்கிறாள். வேறு யாராவது இப்படிக் கிளறியிருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர் வந்தார். "என்ன முதலாளி, யாரோ என் கூடையைக் கலைச்சிருக்காங்க?"

"வீட்டுக்கு எடுத்தது போக மீதிதான். வேணும்னா எடுங்க" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நல்ல கோபம் அவருக்கு. எனக்கும்தான். இவள் எங்கள் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கூடைக்குப் போனாள்.