உன் பெயரைச் சுற்றி நான் போட்ட அடைப்புக்குறி

இன்று மத்தியானம் ஆய்வகத்தில் அந்தப் புட்டியைத் திறந்தேன். ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. நீ போய் இரண்டு வருடமாகிறது. உன்மேல் எனக்கு இருக்கும் வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. செத்தவளிடம் என்னடி பொறாமை என்று கேட்பாய். கேட்டுக்கொள், எனக்கு வெட்கமில்லை.

புட்டிக்குள் கிடப்பது நம் மண்ணுளிப் பாம்பு. நாம் இருவரும் விலங்கியல் எம்.எஸ்ஸி. படிக்கும்போது, முடிச்சூரில் மனை போட மண் தோண்டிய இடத்தில் பார்த்தோம். கண்ணாடி விரியன் என்று நினைத்து பொக்லைன்காரர் கடப்பாரையால் ஒரு போடு போட்டுவிட்டார். "தள்ளிப் போக்கா! கடிச்சா பேஜாராயிடும்!" நான் தள்ளித்தான் நின்றேன். நீ குனிந்து அதைக் கையில் எடுத்தாய்.

"அண்ணா, இதுக்கு விஷமே கிடையாது. அமெரிக்காவுல இருக்கே பெரிய போவா பாம்பு, அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி."

"இன்னா தங்கச்சியோ, போ!"

அது பிழைக்கவில்லை. ஆனால் நம் இருவரில் முதலில் அதைப் பார்த்தவள் நான். அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

செதில்களை நான் மூன்று தடவை எண்ணியும் ஒன்றும் தோன்றவில்லை. நீ ஒரே தடவை எண்ணிவிட்டு, "இது புது இனம்டி" என்றாய். பெயர் வைத்து வெளியிட்டாய். முதலில் பெயர் வைத்தவரின் பெயர், பாம்பின் பெயருக்குப் பக்கத்தில் காலத்துக்கும் நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் புகைந்தேன்.

பல வருடம் இதன் தாடை எலும்பை அளந்து மற்றப் பாம்புகளோடு ஒப்பிட்டு, நீ தவறான பேரினத்தில், அதாவது வேறு பாம்புகளின் கூட்டத்தில், வைத்துவிட்டாய் என்று எழுதி, பாம்பை வேறு பேரினத்துக்கு மாற்றினேன். மாற்றியவளுக்கு விலங்கியலில் என்ன மரியாதை? ஒன்றுமில்லை. உன் பெயர் அப்படியே இருக்கும், அதைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி விழும். நீ போன் பண்ணி, "என்னை ஜெயில்ல போட்டுட்டியேடி!" என்று சிரித்தாய். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது கேளம்பாக்கம் பக்கமிருந்து ஓர் இளம் ஆய்வாளரின் கட்டுரை, வெளியிடலாமா என்று என் கருத்துக்கு வந்திருக்கிறது. அங்கே கிடைத்த இன்னொன்றின் மரபணுவைப் பார்த்தானாம், நீ வைத்த பேரினமே சரியாம். பாம்பு அங்கே திரும்பினால் அடைப்புக்குறியும் போய்விடும். சான்று போதாது என்று நான் எழுதினால் கட்டுரை நின்றுவிடும். அதற்குத்தான் புட்டியைத் திறந்தேன், ஏதாவது ஓட்டை கிடைக்காதா என்று.

பாம்பின் வாலில் நீ கட்டிவிட்ட சீட்டு. உன் கையெழுத்தைப் பார்க்கவே பிடிக்காமல் இத்தனை வருடம் அதைத் திருப்பாமல் இருந்தேன். இன்று திருப்பினேன். 'கடப்பாரை அடி. தாடை நசுங்கியிருக்கிறது, அளக்க வேண்டாம்.'

நான் அளந்ததெல்லாம் பொக்லைன்காரர் போட்ட அடியைத்தான். நமக்குக் கிடைத்ததோ அந்த ஒரே பாம்பு. பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் ஊர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும் என்று நினைத்தாயோ என்னவோ. அந்தப் பெரிய மனசுதான் எனக்கு எரிகிறது. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் தண்டோரா போட்டிருப்பேன்.

சாயங்காலம் 'வெளியிடலாம்' என்று எழுதி அனுப்பினேன். என் தவறு எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினேன். இனி அந்தப் பாம்பின் பக்கத்தில் உன் பெயர் மட்டும்தான், அடைப்புக்குறி இல்லாமல். பொறாமையை நான் வைத்துக்கொள்கிறேனடி. அதையும் விட்டுவிட்டால், உன்னோடு சண்டை போட எனக்கு வேறு என்ன இருக்கிறது?