அப்பா வண்டிக்குப் புதுச் சக்கரம், யம்மா

என்னைப் பெத்த யம்மாவுக்கு,

கையில் எந்த வேலை இருந்தாலும் கீழே வைத்துவிட்டு இதைக் கேளு. அப்பா திரும்பவும் ரேஸ் ஓட்டப் போகிறார்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கடிதத்தையே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். உன் பேத்தி வள்ளி பக்கத்தில் தூங்குகிறாள். அவள் அப்பா ஷார்ஜாவில் ஷிப்டில் இருப்பார். போனில் சொன்னேன். "மாமாவா? ரேஸா?" என்று சிரித்தார், அவ்வளவுதான். இந்தப் பயம் உனக்கு மட்டும்தான் புரியும். உன் வயிற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்ததுதானே இது?

இதை வேறு சிலரும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபப்படாதே. அப்பா பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். ஆனால் கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, எந்தக் குளம் வற்றிக் கிடக்கிறதோ அந்தக் குளத்துக்குள் நடக்கும் மண் ரேஸுக்குப் போய்விடுவார். நான் தவழ்ந்துகொண்டிருந்த சமயம், ஒரு நாள் யாருடைய வேனிலோ அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. நீ அழவில்லையாம். என்னைத் தூக்கி அவர் மடியில் வைத்து, நல்லாயிருந்த கையை எடுத்து என் தலைமேல் வைத்தாயாம். "இனிமே ரேஸுக்குப் போக மாட்டேன்னு இவ தலையில சத்தியம் பண்ணுங்க." அப்பா பண்ணினார். அதன் பிறகு அந்த வண்டி பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் என்னைக் காலேஜில் விடவும்தான் போனது.

எனக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் "இது சத்தியம் பண்ணின தலையாக்கும்" என்று உச்சியில் ஒரு தட்டுத் தட்டுவாயே, ஞாபகம் இருக்கிறதா?

உன் வருஷத் திதி முடிந்த மறுவாரம் அப்பா வண்டியின் உறையை எடுத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. துடைத்து வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். மேலப்பாளையத்தில் மைதீன் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார். பிறகு தினமும் சாயங்காலம் அங்கேதான். ஒரு நாள் கையில் சாக்கோடு வந்தார். உள்ளே வண்டியின் ஸ்டாண்டு, ஹாரன், கண்ணாடிகள், பின்னால் உட்காருகிறவர்கள் கால் வைக்கும் கம்பி, எல்லாவற்றுக்கும் அடியில் சேலை கார்டு. உன் சேலை சக்கரத்தில் சிக்கக் கூடாது என்று மாட்டியிருந்த அந்தக் கம்பி வலை.

"இதெல்லாம் என்னப்பா?"

"வேண்டாத சாமான்ட்டி."

"சேலை கார்டு என்ன பண்ணுச்சு?"

"பின்சக்கரம் அகலமாவுது. இடிக்கும்லா."

"அது எதுக்கு அகலமாகணும்?"

அப்பா சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார். "கோயம்புத்தூர்ல பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குன்னு ஒரு ரேஸ் வச்சிருக்காவ. வயசானவங்களுக்குத் தனியா."

அப்புறம் வகுப்பு எடுக்கிற மாதிரி எல்லாவற்றையும் விளக்கினார். கம்பி போட்ட பழைய சக்கரம் வளைவில் நெளியுமாம், அதற்குப் பதிலாக அலாய் சக்கரம். அதில் மிருதுவான ரப்பரில் செய்த அகல டயர். சீக்கிரம் தேய்ந்துபோகும், ஆனால் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். முன்பக்கம் ஒரு புது வண்டியின் ஃபோர்க்கைக் கொண்டுவந்து பொருத்தி டிஸ்க் பிரேக். பின்பக்கம் கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர். பேசப் பேச அவர் குரலில் ஒரு தெளிவு வந்தது. நீ போனதிலிருந்து அந்தக் குரலை நான் கேட்கவில்லை. எனக்கோ அந்தக் குரல்தான் பயமாக இருந்தது.

நான் பிசிக்ஸ் படித்தவள். எந்த வேகத்தில் எவ்வளவு சாய்ந்தால் டயர் பிடியை விடும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். அதுதான் கஷ்டமே. தெரியாமல் இருந்தால் முருகா என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன்.

இன்னொரு பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சத்தியத்தை மீறினால் அது அடிப்பது யார் தலையில் கை வைத்தாரோ அந்தத் தலையைத்தானே? இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் மேலே சுற்றுகிற காற்றாடிக்கு நேர் கீழே படுப்பதை நிறுத்திவிட்டேன். மாடியில் துணி காயப்போடும்போது கைப்பிடிச் சுவர் பக்கம் போவதில்லை. எனக்கு ஒன்று ஆனால் வள்ளியை யார் பார்ப்பார்கள்? வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கத்தால் பயம் குறைகிறதா என்ன?

கடைசியில் கேட்டேவிட்டேன். "அப்பா, என் தலையில பண்ணின சத்தியம்?"

"அத மறப்பேனா? உங்கம்மாகிட்ட கேட்டாச்சு."

"எங்கன போய்க் கேட்டிய?"

"குறுக்குத்துறைல. பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்துட்டு. நம்ம வள்ளிதான் எடுத்தா."

ஆற்றங்கரைக் கோயிலில் சாமி முன்னால் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, சரி என்று அர்த்தம். மற்றதில் சிவப்பு அரளி, வேண்டாம் என்று அர்த்தம். பிரிக்காமல் ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். நீயும் எனக்கு வரன் பார்க்கும்போது அப்படித்தானே கேட்டாய்? வெள்ளை வந்துவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன். அன்று காற்றாடிக்குக் கீழேயே தூங்கினேன்.

ரெண்டு நாள் கழித்து வள்ளி செய்தித்தாளைக் கிழித்து, பிச்சிப்பூவை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். "யம்மா, ஒண்ண எடு." எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. "ஐ, நீ ஜெயிச்சுட்ட!"

"மத்ததுல என்ன வச்சிருக்கே?" என்று சும்மா கேட்டேன்.

"அதுலயும் வெள்ளதான். தாத்தா அப்படித்தான வச்சாவ."

யம்மா, எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. அப்படியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போனேன். போகிற வழியெல்லாம் என்னென்னவோ வசனம் யோசித்தேன். ஒர்க்‌ஷாப்பில் கால் வைத்ததும் மைதீன் அண்ணன், "வாங்க தங்கச்சி, நல்ல நேரத்துக்கு வந்திய, ஒரு கை குறையுது" என்று என் கையில் இஞ்ச் டேப்பைக் கொடுத்துவிட்டார்.

ஆள் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் உட்கார, ஒருவர் வண்டியைச் சாயாமல் பிடிக்க, ஒருவர் அளக்க. அப்பா தோல் உடுப்பும் ஹெல்மெட்டுமாக ஏறிக் குனிந்து உட்கார்ந்தார். நான் தரையில் முட்டி போட்டு, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து சீட்டு விளிம்பு வரை டேப்பைப் பிடித்தேன். வெறும் வண்டியை அளந்ததற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

"சரியாப் பாருங்க, தங்கச்சி."

திரும்பவும் பார்த்தேன். அதேதான்.

மைதீன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, பழைய ஆளுன்னு நெனச்சுல்லா ஸ்பிரிங் போட்டேன், நீங்க பாதியா ஆயிட்டியளே! ஒரு மூட்டை அரிசிய மடியில வச்சுக்கிட்டு ஓட்டுங்க."

"மூட்டைக்கும் லைசென்ஸ் கேப்பான் வே" என்றார் அப்பா. ரெண்டு பேரும் சிரித்தார்கள். வள்ளியும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தும் வண்டிக்கு அது தெரியவில்லை, யம்மா. தட்டில் சோறு போடுகிறேன், காலியான தட்டைத்தான் எடுக்கிறேன். பின்வாசல் நாய் கொழுத்திருப்பதை நான் ஏன் கவனிக்கவில்லை?

ஸ்பிரிங் அமுங்காவிட்டால் சின்ன மேட்டில் ஏறும்போதே சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும், எழும்பின சக்கரத்துக்கு பிரேக் கிடையாது என்று மைதீன் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை அப்பாவின் வேகத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவர் எடைக்கும் சேர்த்துப் பயப்படுகிறேன்.

யோசித்துவைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. "அப்பா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப்பூவா வச்சிய?" என்று மட்டும் கேட்டேன்.

மைதீன் அண்ணன் வண்டியை மெதுவாக அப்பா கையில் விட்டுவிட்டு, "டீ சொல்லிட்டு வாரேன்" என்று வள்ளியையும் கூட்டிக்கொண்டு நழுவிவிட்டார். அப்பாவால் நழுவ முடியவில்லை. இறங்கினால் வண்டி விழுந்துவிடும், ஸ்டாண்டைத்தான் கழற்றியாகிவிட்டதே. ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

"ஆமா."

"ஏன்பா? சாமி முன்னால போய்..."

"பாதிக்குப் பாதி வாய்ப்புட்டி. அது எனக்குக் காணாது."

கணக்கு வாத்தியார் பேச்சைப் பார்த்தாயா? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பா பெட்ரோல் டேங்கைப் பார்த்தபடியே பேசினார். "செவப்பு வந்துட்டுன்னா உங்கம்மா வேண்டாம்னு சொன்னதா ஆயிரும். அவ சொன்னா நான் கேட்டுருவேன். அதுக்குத்தான் பயந்தேன்."

"போகாட்டா என்னப்பா? எங்ககூட இருங்க."

"இருக்கத்தான செய்யுதேன்." டேங்கை ஒரு விரலால் துடைத்தார். "சாயங்காலம் ஆனா எங்கன போவேன், சொல்லு."

நீயாவது சொல்லேன், எங்கே போவார்?

மைதீன் அண்ணன் இளக்கமான ஸ்பிரிங் வாங்கிப் போட்டார். நானே போய் அளந்தேன். இந்தத் தடவை வண்டி பைய அமுங்கி, அப்பாவை ஏற்றுக்கொண்டது. இப்போது அவர் சாப்பிடும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். "ஸ்பிரிங்க திரும்ப மாத்த வச்சுராத ட்டி" என்று முனகிக்கொண்டே சாப்பிடுகிறார். ரேஸ் வருகிற ஞாயிறு.

ஆனால் சத்தியம் அப்படியேதான் இருக்கிறது, இல்லையா? அந்தப் பூ உன் பதில் இல்லை. நீ இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. நான் மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாடிப் பார்க்கிறேன். சத்தியம் கேட்டவள் நீ. பண்ணினவர் அவர். தலை என்னுடையது. நீ வாய் திறக்காதபோது, தலைக்காரிக்கு ஒரு பேச்சு கிடையாதா?

நாளைக் காலையில் காபி கொடுக்கும்போது அவரிடம் சொல்லப் போகிறேன். "அப்பா, என் தலைமேல வச்ச கைய எடுத்துக்கிடுங்க. நான் சொல்லுதேன், போங்க." இதை எழுதும்போதே எழுத்து கோணலாகப் போவது தெரிகிறதா? சொல்லும்போது குரல் நடுங்கக் கூடாது, நடுங்கினால் அவர் போக மாட்டார்.

உனக்குச் சம்மதம் இல்லையென்றால் விடிவதற்குள் எப்படியாவது தடுத்துவிடு. பல்லியாவது சத்தம் போடட்டும். காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். விடிந்த பிறகு கோபம் வந்தால் என் மேல் காட்டு. வள்ளி மேல் வேண்டாம், யம்மா. அவர் மேலும் வேண்டாம்.

நானும் கோயம்புத்தூருக்குப் போகிறேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் முடித்து நிறுத்துகிற வரைக்கும் கண்ணை மூடாமல் பார்ப்பேன், இது உனக்கு நான் பண்ணுகிற சத்தியம். யார் தலையிலும் கை வைக்கவில்லை. அங்கே எது நடந்தாலும் முதலில் உன்னிடம் நான்தான் சொல்வேன். அன்றைக்கு வேன்காரன் வந்து சொன்ன மாதிரி, வேறு யார் வாயாலும் உன்னைக் கேட்க விடமாட்டேன்.

பயத்தோடும் பாசத்தோடும்,
உன் ஒரே மகள், உன் வள்ளிக்கு அம்மா,
கோமு