பாதையை நிறுத்தியவன் மகள்

பாலையூற்று
12.01.2025

அன்பு மகள் சிவரூபிக்கு,

கிண்ணியாப் பாலம் திறந்து, நான் வேலை செய்த பாதைப் படகைக் கரையில் ஏற்றிய வருசம்தான் நீ கனடாவுக்குப் போனாய். பதினைந்து வருசமாகியும் உன்ர வேலை என்னவென்று ஊருக்குச் சொல்ல எனக்கு ஏலாமல் கிடக்கு. "அணுகுண்டு செய்யிற இடமோ?" என்று கேட்கிறார்கள். ஃபோனில் எனக்குக் காது கேளாது. விளக்கமாக எழுது, றம்ஸான் வாசித்துச் சொல்லுவான். போன கடிதத்தில் உன்ர கலகலப்பே இல்லை. என்ன நடந்தது?

அப்பா கதிரவேல்
(பெருவிரல் அடையாளம்)

எழுதியது றம்ஸான் மாமா. அப்பா அழுததை எழுதவேண்டாம் என்றார், மகள்.

*

கனடா
02.02.2025

என் அப்பாவுக்கு,

குண்டு இல்லை அப்பா, மின்சாரம். யுரேனியத்தின் அணுக்கரு உடையும்போது வெப்பம் வரும். அது அணுக்கருப் பிளவு. அதிலிருந்து தெறிக்கும் நியூத்திரன் என்கிற துகள் அடுத்த கருவை உடைக்கும், அது அடுத்ததை. இதுதான் தொடர்வினை. இது நடக்கிற கலம் அணு உலை. நியூத்திரனின் வேகத்தைக் குறைக்க உள்ளே பாரநீர் நிற்கும். அதைத் தணிப்பான் என்போம். சூட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிற நீர் குளிர்விப்பான். அந்தச் சூட்டில் எழும் நீராவிதான் மின்சாரம் தருகிற சுழலியைச் சுற்றும். நியூத்திரனை விழுங்கும் கோல்களை ஒரேயடியாக உள்ளே விழுத்தினால் உலை நிற்கும். நின்ற பிறகும் சூடு உடனே ஆறாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேணும்.

போன கார்த்திகையில் கோல்களை விழுத்தியது நான்தான். உலையின் அளவு காட்டுகிற ஒரு முள் நடுங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தேடிப் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. இரண்டு நாள் உலை நின்றது. 'பதற்றத்தில் நிறுத்தினேன்' என்று மேலதிகாரிகள் தந்த தாளில் கையெழுத்து வைத்தால் வேலை மிஞ்சும். ஆனால் கட்டுப்பாட்டு அறைக்குள் இனி விடமாட்டார்கள். வைக்கட்டோ அப்பா?

உங்கள் ரூபி

*

பாலையூற்று
20.02.2025

ரூபி மகள்,

சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட வருசம், மார்கழி, காலையில் முதல் நடை. பாதையை இழுக்கிற கம்பி என்ர கையில் வேறுமாதிரி அதிர்ந்தது. நடுத்தண்ணியில் நங்கூரம் போட்டேன். ஏறியிருந்தது நாலு பேர். "கதிரவேலு, நடுங்கிறது கம்பியோ உன்ர காலோ?" என்றார் தபால்காரர் சின்னராசா. மீன்காரி கமலாதேவி, நாறத் தொடங்கிய கூடையை என்ர மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து வைத்தாள். நஸ்ரி முதலாளி வாயால் ஏசவில்லை, பார்வையால் ஏசினார். நாலாவது ஆள் மாப்பிள்ளை. தன்ர நிக்காஹுக்கே மூன்று மணித்தியாலம் பிந்தினான். கம்பியில் ஒரு பிழையும் இல்லை.

பாதைக்குப் பொறுப்பான பெரியவர் ஒரு தாளை நீட்டினார். பெருவிரலை வைத்தேன். 'பயத்தில் நிறுத்தினேன்' என்று அதில் இருந்ததாம், பிறகுதான் வாசித்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு என்னைக் கம்பியில் கை வைக்க விடவில்லை. பாலம் வரும்வரை டிக்கெட் கிழித்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, மகள். உனக்குத் தெரியும்.

சூடு ஆறும்வரை தண்ணீர் ஓடவேணும் என்று எழுதியிருந்தாய். நேரத்துக்குச் சாப்பிடு.

அந்த நாலு பேரில் ஒருவரையும் தண்ணி கொண்டுபோகவில்லை. சின்னராசா சீனி வியாதியில் போனார். நஸ்ரி முதலாளி தன்ர கட்டிலில் கிடந்து போனார். கமலாதேவி போன மாதம், ஏழு பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கப் போனாள். மிச்சம் அந்த மாப்பிள்ளை. இன்றைக்கும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிடுகிறான். இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கிறவனும் அவன்தான், றம்ஸான்.