பீடத்துக்குப் போன பெட்பேன்

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் அருளால் நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி நின்றுவிட்டது, வாய்தான் நிற்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, ஞாயிறு பூசைக்குப் போகிறாயா என்று மூன்றையும் கேட்டு எழுதும்வரை நகரமாட்டேன் என்று நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். எழுதிக் காட்டிவிட்டேன், அடுப்படிக்குப் போய்விட்டாள், இனி நாம் நிம்மதியாகப் பேசலாம். போன வாரம் போனில் நீ சொன்னாய், "தெரியாம நடந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கப்பா, இந்த வயசுல எதுக்கு வம்பு" என்று. அம்மா பாதிக் கதையைச் சொல்லி மீதியை அழுது காட்டியதால் உனக்கு முழு விவரம் தெரிந்திருக்காது. நீ எந்தக் கதையிலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள், அதனால் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை.

வருஷத் தொடக்கத்தில் எங்கள் தலைமையாசிரியை, அதுதான் பெரிய சிஸ்டர், பள்ளி வாசல் சுவரில் "நம்பிக்கை, கல்வி, சேவை" என்று ஆளுயர எழுத்தில் எழுத வைத்தார். ஒவ்வொரு வகுப்பும் ஒரு சேவையை எடுத்து வருஷம் முழுக்கச் செய்யவேண்டும் என்றார். புத்திசாலி வாத்தியார்கள் செடி நடுவதை எடுத்துக்கொண்டார்கள். செடி குறை சொல்லாது, செத்தாலும் சத்தமில்லாமல் சாகும். ஏழாம் வகுப்பு டீச்சர் சேவையின் பெருமையைப் படமாக வரைவதையே சேவை என்று முடித்துக்கொண்டார். நான் கூட்டத்தில் தூங்கி வழிந்து எதற்கோ தலையாட்டியதில், என் ஒன்பதாம் வகுப்புக்குக் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் முதியோர் இல்லம் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் கடைசி வகுப்பு அங்கேதான். முதல் நாள் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான் வீரமாக உள்ளே போய் ஒரு போர்வையை உதறினேன், அதே வேகத்தில் வெளியே வந்து வேலியோரம் வாந்தி எடுத்தேன். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குத் தைரியமே வந்தது, சாருக்கு நாமே தேவலை என்று. பிறகு அங்கிருக்கும் நர்ஸ், படுக்கைப் புண் வராமல் ஒருவரை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, ஈரத்துணியால் எப்படித் துடைப்பது, எழுந்திருக்க முடியாதவருக்கு அடியில் பெட்பேனை எப்படி வைப்பது, வைத்துவிட்டு எந்தப் பக்கம் திரும்பி நிற்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இடுப்பெலும்பு முறிந்து ஜன்னலோரம் படுத்திருக்கும் ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர், பிள்ளைகள் பெட்பேனோடு வந்தால் "ஏறியாச்சா? ரைட், போலாம்!" என்பார். தன் கூச்சத்தை அவர் அப்படி மறைத்துக்கொண்டார், அந்தச் சிரிப்பில் இவர்கள் அருவருப்பை மறந்தார்கள். செபமாலை சொல்லும்போது பாதியில் குறட்டை விடுவார், பிள்ளைகள் அவர் பங்கையும் சேர்த்துச் சொல்லி முடிப்பார்கள். நம்பிக்கை, கல்வி, சேவை மூன்றும் எனக்கு அந்த ஒரே கட்டிலில் கிடைத்தன, சுவரைப் பார்த்துப் படிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வருஷக் கடைசியில் ஆயர் வந்து நன்றித் திருப்பலி. காணிக்கைப் பவனியில் ஒவ்வொரு வகுப்பும் தான் சேவை செய்த பொருளைப் பீடத்துக்குக் கொண்டுபோகவேண்டும் என்று சுற்றறிக்கை. என் வகுப்புத் தலைவி வந்து "சார், நாங்க எதை எடுத்துட்டு வர்றது?" என்று கேட்டாள். நான் விடைத்தாளில் தலையைப் புதைத்தபடி "எதை வச்சு வேலை செஞ்சீங்களோ அதைத்தான்" என்றேன். என் பிள்ளைகள் சொன்ன சொல் தட்டாதவர்கள். கண்டக்டரின் ஸ்டீல் பெட்பேனைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் போட்டு, தேய் தேய் என்று தேய்த்து, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பாக்கி, மேலே யாரோ ஒருத்தி வீட்டு லேஸ் துணியைப் போர்த்திக் கொண்டுவந்துவிட்டார்கள். பவனி தொடங்குமுன் கோவில் வாசலில் துணியை விலக்கிப் பார்த்தேன். மகளே, எனக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்திலேயே ஒரு நல்ல வாளி இருந்தது, மாற்ற நேரமும் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன், துணியைத் திரும்பப் போர்த்தி "நேராப் புடிச்சுட்டுப் போங்க" என்றேன். ஆகவே தெரியாமல் நடந்தது என்று நான் எழுதினால் அது பச்சைப் பொய். பூவாளி போனது, ரிப்பன் கட்டிய துடைப்பம் போனது, எங்களுடையதும் போனது. ஆயர் துணியை விலக்கி, ஏதோ கோப்பை போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு கையாலும் உயர்த்தி மலர்ந்து சிரித்தார். அந்த நேரம் பார்த்து மைக்கில் நம் விளையாட்டு வாத்தியார், பிள்ளைகள் 'விசில்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களே அவர்தான், (அவர் குரலுக்கு மைக்கே வேண்டாம்) "நடக்க இயலாத முதியோரின் மலம் ஏந்தும் தட்டு!" என்று வாசித்தார். பாடகர் குழுவில் யாரோ களுக்கென்றார்கள். ஆயர் அதைக் கீழே போடவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார், பிறகு பீடச் சிறுவனிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு ஊரில் ஆளுக்கொரு உரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றே பெட்பேன் பெரிய சிஸ்டர் அறைப் பீரோ மேல் சாட்சிப் பொருளாக ஏறிவிட்டது. பெற்றோர் சங்கத் தலைவர் மூன்று பக்கப் புகார் கொடுத்தார். அவர் கடை உனக்கு ஞாபகமிருக்கும், கழிப்பறைக் கோப்பைகளை வாசலில் மாடிப்படி போல அடுக்கி விளக்குப் போட்டு வைத்திருப்பாரே, கோவில் படியிலிருந்து பார்த்தாலே தெரியும். அவருக்குத்தான் மனம் புண்பட்டுவிட்டதாம். நான் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் இந்தப் பிள்ளைகளோடு நான் பத்தாம் வகுப்புக்குப் போகமுடியாது, வெள்ளிக்கிழமை இல்லத்துக்குப் போவதும் நிற்கும் என்று முடிவு. நேற்றுக் கூப்பிட்டார்கள். தலைவர், "பிள்ளைங்கள படிக்க அனுப்புறோமா, பீ அள்ள அனுப்புறோமா? அதுவும் பீடத்துலயா சார் கொண்டு வைப்பீங்க?" என்று மேசையைத் தட்டினார். நான், "பெரிய வியாழக்கிழமை சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுற சடங்குக்கு வீட்டுலயே சோப்புப் போட்டுக் கழுவி, சென்ட் அடிச்சு, புது சாக்ஸ் மாட்டிட்டு வந்து உக்காந்தீங்களே, அந்தக் காலைக் கழுவுனா புனிதம், நெசமான அழுக்கைக் கழுவுனா அசிங்கமா தலைவரே?" என்றேன். விசில் தொண்டையைச் செருமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது. பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு வரி சார், பிள்ளைங்களுக்காக" என்று தாளை என் பக்கம் தள்ளினார். நல்ல மனுஷி, பாவம், மேலிருந்தும் கீழிருந்தும் இடி. எனக்கும் கை துறுதுறுத்தது என்பது உண்மை, அந்த வகுப்பை விட மனமில்லை. ஆனால் அந்த வரியை எழுதினால் ஒரு வருஷமாக அந்தப் பிள்ளைகள் செய்ததை வெட்கப்படவேண்டிய காரியம் என்று நானே கையெழுத்துப் போட்டதாகும். "பிள்ளைங்களுக்காகத்தான் சிஸ்டர் எழுதல" என்றேன். அவர் தாளை எடுத்து மடித்தார். "அப்ப வகுப்பை மாத்தித்தான் ஆகணும்" என்றார், குரல் இறங்கிப் போய்.

சரி என்று எழுந்தேன். எழுந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பீரோ மேலிருந்த பெட்பேனை எடுத்தேன். (ஏறும்போது வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்தது, கம்பீரம் என்பது நம் வம்சத்துக்கே கிடையாது.) இல்லத்தில் மற்றவை எல்லாம் உயரமான பிளாஸ்டிக், கண்டக்டரின் இடுப்புக்கு வலிக்காத தாழ்வான தட்டு இது ஒன்றுதான், இவர்கள் நியாயம் பேசிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தலைவர் பதறிப்போய் "அதை மூடியாவது எடுத்துட்டுப் போங்க சார்!" என்றார். "மூடி எடுத்துட்டு வந்ததாலதான் இவ்வளவு குழப்பம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையிலும் ஏந்தி, பெரிய தெரு வழியாகவே நடந்தேன். யாரும் என் பின்னால் ஊர்வலமாக வரவில்லை, ஒரு நாய் மட்டும் கொஞ்ச தூரம் வந்து ஏமாந்து திரும்பியது. பேக்கரிக்காரர் "என்ன சார், பரிசா?" என்று கேட்டார், "ஆமா" என்றேன். இல்லத்துக்குள் போய், கண்டக்டரிடம் நடந்ததை ஆதியிலிருந்து சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் "வாத்தியாரே, நியாயமெல்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல அதைக் குடுங்க!" என்றார். வைத்தேன். எந்தப் பக்கம் திரும்பி நிற்கவேண்டுமோ அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் அவர் விட்ட நிம்மதிப் பெருமூச்சைவிடப் பெரிய தீர்ப்பு எனக்கு எந்த அறையிலும் கிடைக்காது.

அடுத்த வருஷம் எனக்கு இரண்டாம் வகுப்பாம். போகட்டும், அவர்களுக்கும் மூக்கு ஒழுகும், துடைக்க ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு என் நேரம் என்னுடையது, இல்லத்துக்குப் போகாதே என்று எந்தச் சங்கமும் தீர்மானம் போடமுடியாது. பிள்ளைகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, வகுப்புத் தலைவியின் அப்பாதான் இன்று காலை வழிமறித்து "சார், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு அனுப்பணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீயும் ஆபீசில் நாள் முழுக்க யார் யார் தப்புக்கோ "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய், போனில் கேட்கிறேன். தப்புச் செய்தால் முழங்காலில் நின்று கேள், தாமதிக்காதே. நல்லது செய்ததற்கு மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே, என்னிடமும் கேட்கச் சொல்லாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, மாதா உன் அறையில் துணையிருப்பாளாக. ராத்திரி ஈரத்தலையோடு படுக்காதே. அம்மாவுக்கு நீ போன் செய்யும்போது வேட்டி கிழிந்த விஷயத்தைச் சொல்லாதே, ஆணியில் காயப்போட்டதில் கிழிந்தது என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட மறுத்த கையால் முத்தமிடும்
உன் அப்பா